கடைசியாக வந்தவருக்கு முப்பத்து நான்கு நிமிடம்: அந்தமான் சிறையில் ஓர் இன்ஜின் தேர்வு

“ஜெயிலுக்குப் போறேன், அஞ்சு நாள்ல வந்துடுவேன்” என்று நான் சொன்னபோது என் மனைவி முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், “அஞ்சு நாள் உங்களுக்குப் பத்தாதே” என்றாள். அந்தமான் என்று சொன்ன பிறகுதான் பிசைவது நின்றது. “தனியாவா?” என்றாள். ஒருவருக்குத்தான் டிக்கெட் தருவார்கள் என்பதை விளக்கி முடிப்பதற்குள் மாவு காய்ந்துவிட்டது.

இது சென்ற மார்ச் கடைசி வாரத்துக் கதை. என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தூத்துக்குடியில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். படகின் பின்பக்கம் வெளியே தொங்குமே, அந்த அவுட்போர்டு இன்ஜின்தான் இருபத்தாறு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. மிச்ச நேரத்தில் ஊர் சுற்றிவிட்டு இந்தத் தளத்தில் எழுதுகிறேன்.

அந்தமான் சிறையில் கைதிகளுக்கு அவுட்போர்டு பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு வருடப் பயிற்சி நடந்தது. செலவு முழுவதும் வெளிநாட்டு உதவி. ஏரிகள் நிறைந்த ஒரு வட ஐரோப்பிய நாட்டின் அறக்கட்டளை இரண்டு இன்ஜின், கருவிப் பெட்டிகள், பாடப் புத்தகங்கள் எல்லாம் அனுப்பி, எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குத் தனி வகுப்புக்கும் பணம் கொடுத்திருந்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். முடிவில் வெளியாள் ஒருவர் வந்து தேர்வு நடத்தினால்தான் சான்றிதழ் செல்லும். தொழில் தெரிந்த, தமிழும் கொஞ்சம் இந்தியும் பேசுகிற ஆள் வேண்டும் என்று தேடியதில் அது என் தலையில் விழுந்தது. எனக்குக் கூலி கிடையாது. போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு மட்டும். கடலைக் காட்டினால் எனக்குக் கூலியே மறந்துவிடும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை. முந்தின இரவு தூத்துக்குடியில் ரயிலேறி, காலையில் சென்னை. 11.20 விமானம், கட்டணம் 6,840 ரூபாய் (ஒரு வழி, அறக்கட்டளைக் கணக்கு). பயண நேரம் இரண்டே கால் மணி. இடப்பக்க ஜன்னலா வலப்பக்க ஜன்னலா என்று அரை மணி நேரம் இணையத்தில் ஆராய்ந்து இடப்பக்கம் எடுத்தேன். பாதி தூரம் மேகத்தைத்தான் பார்த்தேன். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் தீவுகள் தெரிய ஆரம்பித்ததும் என் பக்கத்து இருக்கைக்காரர்கள் இரண்டு பேரும் என் மடி மீது சாய்ந்தார்கள். டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் இருக்கிறது. வெளியே வந்தால் எல்லோர் வாயிலும் போர்ட் பிளேர்தான்.

விமான நிலையத்திலிருந்து, விடுதி இருக்கிற லம்பா லைன் பகுதி இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோ 120 ரூபாய், மீட்டர் கிடையாது. ஓட்டுநர் ரமணா, தெலுங்குக்காரர். இங்கேயே பிறந்தவர். தமிழை இந்தியோடு கலந்து சரளமாக அடிக்கிறார்.

“சார், செல்லுலார் ஜெயில் போகணுமா? லைட் ஷோ டிக்கெட் நான் வாங்கித் தரேன். கோயி டென்ஷன் நஹி.”

“அது இல்லப்பா. ஆள் இருக்கிற ஜெயிலுக்குப் போகணும். நாளைக்குக் காலைல.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது. “சொந்தக்காரங்க யாராவது உள்ள இருக்காங்களா சார்?”

“இல்ல, பரீட்சை வைக்கப் போறேன்.”

“அங்கயும் பரீட்சையா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “பாவம் சார் அவங்க. ஏற்கெனவே கஷ்டத்துல இருக்காங்க.”

விடுதி நாளொன்றுக்கு 1,400 ரூபாய். சுத்தமான அறை, ஜன்னலைத் திறந்தால் தென்னை. மேலாளர் சாவியோடு இரண்டு வாளிகளையும் கொடுத்தார். “பிடிச்சு வச்சுக்குங்க சார். மார்ச் மாசம், பானி மூணு நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.” சுற்றிலும் கடல், குளிக்க வாளி. மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிட்டது. மதுரைக்காரர் கடையில் மீன் சாப்பாடு 180 ரூபாய், குழம்பு இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை 7.30க்கு ரமணா வந்தார். ஏழு கிலோமீட்டர், 220 ரூபாய். சிறை வாசலில் என்னை அழைத்துப் போகக் கண்ணப்பன் காத்திருந்தார். ராமநாதபுரத்திலிருந்து அரசு வேலைக்கு வந்து இருபது வருஷமாகக் குட்வில் எஸ்டேட்டில் குடியிருப்பவர். சிறைப் பயிற்சிக் கூடத்தின் ஆசிரியர். பைக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டே, “சார், எங்க பிள்ளைங்க ராத்திரி பூரா தூங்கலை” என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளில் மூன்று பேருக்கு நரைத்த மீசை.

வாசலில் பேனா தவிர எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். என் மனைவி கட்டிக் கொடுத்த முறுக்கும் போயிற்று. சாயங்காலம் திரும்பக் கிடைத்தபோது பொட்டலம் கொஞ்சம் இளைத்திருந்தது. நான் எண்ணிப் பார்க்கவில்லை. சோதித்த காவலர், “பஹுத் அச்சா முறுக்கு” என்று தானாகவே சொல்லிவிட்டார்.

பயிற்சிக் கூடம் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு இன்ஜினைக் குடலைப் பிரித்து மேசையில் பரப்பியிருந்தார்கள், பாடத்துக்கு. இன்னொன்று ஓடுகிற இன்ஜின், துணி போர்த்தி ஸ்டாண்டில் இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். என் பட்டறைக்கு வருகிற எந்த இன்ஜினும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. பாடப் புத்தகத்தின் அட்டையில் பைன் மரங்கள், பனி, அசையாத ஏரி, அதில் ஒரு படகு. பயிற்சியில் இருந்த பன்னிரண்டு கைதிகளிடமும் அந்தப் புத்தகம் ஓரம் கறுத்துப் போயிருந்தது. ஆங்கில வரிகளுக்கு மேலே பென்சிலில் இந்தியும் வங்காளமும் தமிழுமாக அர்த்தம் எழுதியிருந்தார்கள். சிலருக்கு எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்த முதல் புத்தகமே அதுதானாம்.

அதில் ஒருவர் யோகராஜ் (பெயரை மாற்றியிருக்கிறேன்). முப்பத்து நான்கு வயது. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். சுனாமியில் பள்ளிக்கூடம் போனது, அதோடு படிப்பும் போனது என்றார். பிறகு மீன்பிடி, டோங்கி ஓட்டுவது. இங்கே சின்னப் படகை டோங்கி என்கிறார்கள். என்ன வழக்கு என்று நான் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் அவராகவே சொன்னார்.

“குடிச்சிட்டு ஒருத்தன அடிச்சிட்டன் சாப். அவனுக்கு ஒரு கண்ணு போச்சு. தப்பு நம்மளுதுதான்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மே மாசம் வெளிய போறன். ஹேவ்லாக்ல ஒரு தாதா இருக்கார், டைவிங் போட் வச்சிருக்கார். சர்ட்டிபிகேட் காட்டினா காம் தர்றன்னு சொல்லியிருக்கார்” என்றார். ஹேவ்லாக் பக்கத்துத் தீவு; தாதா என்றால் வங்காளிகளுக்கு அண்ணன்.

“காட்டாட்டி?”

“பழைய இடந்தான் சாப். பழைய ஆளுங்கதான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கண்ணப்பன் பிறகு என்னைத் தனியே அழைத்துப்போய் மிச்சத்தைச் சொன்னார். இந்தக் குழுவோடு வெளிநாட்டு உதவி முடிகிறது. இனி தேர்வுக்குப் பணம் கிடையாது. இதில் தவறினால் மறுபடி எழுத வாய்ப்பில்லை. இன்ஜினையும் புத்தகங்களையும் சிறைக்கே விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து வருகிற ஆட்களுக்கு அதை வைத்துத்தான் அவர் பாடம் நடத்த வேண்டும்.

அன்று எழுத்துத் தேர்வும் மேசைத் தேர்வும். பிளக் மாற்றுவது, புரொபெல்லர் பின் மாற்றுவது, பெட்ரோல் குழாயில் நான் செய்து வைத்த கோளாறைக் கண்டுபிடிப்பது. ஒரு வங்காளிப் பெரியவர் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டு, இதைக்கூட ஒழுங்காகக் கெடுக்கத் தெரியாதா என்பது போல் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் தேறினார்கள்.

சனிக்கிழமைதான் இன்ஜினை ஓட்டிக் காட்டும் தேர்வு. கைதிகளைக் கடலுக்குக் கூட்டிப்போக முடியாது. அதனால் முற்றத்தில் பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி, அதில் இன்ஜினை மாட்டி ஓட்டுவார்கள். மாட்டி, ஓட்டி, நிறுத்தி, கழற்றி, ஸ்டாண்டில் வைத்துத் துணி போர்த்த வேண்டும். இருபது நிமிடம். ஒரு நிமிடம் தாண்டினாலும் பூஜ்யம், இந்தப் பகுதியில் பூஜ்யம் வந்தால் மொத்தமும் தோல்வி. வேறு யாரும் உதவக் கூடாது. ஒவ்வொருவர் ஓட்டுவதையும், சிறை அலுவலகம் தந்த கேமராவில் நான் நிறுத்தாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மதிப்பெண் தாள் அந்த ஏரி நாட்டில் அச்சடித்து வந்தது.

காலை ஏழரைக்குப் போனால் பீப்பாய் காலி. அன்று வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. இருந்த தண்ணீரை ஆளுக்கு இரண்டு வாளி என்று பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள். எனக்குத் திங்கட்கிழமை விமானம். கண்ணப்பன் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்: “இதுக்கா கவலை? சுத்திலும் கடல். நாலு கேன் எடுத்துட்டு ஜீப்பை அனுப்புங்க.” இரண்டு நடையில் கடல் தண்ணீர் வந்து பீப்பாய் நிரம்பியது. எட்டரைக்கு முதல் ஆள் இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். என் யோசனையை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது.

ஒருவர் முடித்துவிட்டு இன்ஜினை ஸ்டாண்டில் வைப்பார். அடுத்தவர் எடுத்து மாட்டுவார். பதினொரு பேரும் பதினைந்து, பதினெட்டு நிமிடத்தில் முடித்தார்கள். பட்டியல் ஆங்கில எழுத்து வரிசை என்பதால் ஒய்யில் தொடங்கும் யோகராஜ் கடைசி. அவர் முறை வந்தபோது மணி 12.38. ஒரு மணிக்குத் தலை எண்ணிக்கை. அதற்குள் எல்லோரும் அவரவர் கொட்டடிக்குப் போக வேண்டும், பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

நாலாவது நிமிடத்தில் இன்ஜின் பலகையில் உட்கார்ந்துவிட்டது. ஒரே இழுப்பில் பிடித்தது. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், நிறுத்தினார். பன்னிரண்டாவது நிமிடம். கழற்றி வைத்திருந்தால் முதல் மதிப்பெண் அவருக்குத்தான். அவர் கழற்றினார், ஆனால் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. மூலையில் இருந்த பாதியாக வெட்டிய பீப்பாயை இழுத்து வந்து, அதன் விளிம்பில் இன்ஜினை மாட்டிவிட்டுக் கொட்டடிப் பக்கம் நடந்தார். காவலர் பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு வாளி. அவருடைய அன்றைய தண்ணீர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடல் தண்ணீரில் ஓடிய இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும். கழுவாமல் இரண்டு நாள் வைத்தால் உள்ளே உப்புப் பூத்துத் தண்ணீர் போகிற வழியெல்லாம் அரிக்கத் தொடங்கிவிடும். என் பட்டறைப் படியேறுகிற ஒவ்வொரு மீனவரிடமும் “கழுவுனியா?” என்றுதான் முதலில் கேட்பேன். இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற நான், அன்றைக்கு உப்புத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கழுவுவதற்கு நேரம் ஒதுக்க மறந்து, கையில் கடிகாரத்தோடு நின்றிருந்தேன். முன்னால் வந்த பதினொரு பேருக்கு அந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு அடுத்து ஓட்ட ஆள் இருந்தது.

“டேய் யோகா, டைம் போவுதுடா! ஸ்டாண்டுல வை!” என்று கண்ணப்பன் கத்தினார்.

“போனா போகட்டும் சார்” என்றார் யோகராஜ், வாளியைக் கவிழ்த்துக்கொண்டே. “புக்குல போட்டிருக்கு, பேஜ் எழுபத்தொண்ணு. உப்புத் தண்ணில ஓட்டினா ஒவ்வொரு தடவையும் கழுவணும். மண்டே வரைக்கும் விட்டா இது காலி. பின்னால வர்றவங்களுக்கு இந்த ஒரு இன்ஜின்தான இருக்கு?”

இரண்டு வாளி அடியைக்கூட நனைக்கவில்லை. தண்ணீர் இழுக்கிற துளை மூழ்கினால்தான் ஓட்ட முடியும். பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தின நாள் என்னை முறைத்த வங்காளிப் பெரியவர், “அரே, சலோ” என்று எழுந்தார். அவ்வளவுதான். வரிசையாகப் போய் வரிசையாக வாளியோடு வந்தார்கள். புழுங்கித் தள்ளுகிற மார்ச் மத்தியானத்தில், குளிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினார்கள். ஒருவர் சோப்பு டப்பா மிதக்கிற வாளியோடு வந்து, டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊற்றினார். கண்ணப்பன் சிறை அதிகாரியிடம் ஓடிப்போய் எண்ணிக்கையைப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார். யோகராஜ் கயிற்றை இழுத்தார். இன்ஜின் பின்புறத் துளையிலிருந்து நல்ல தண்ணீர் பீச்சியடித்தபோது பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வீடியோ ஆடிவிட்டது.

துணி போர்த்தி முடிந்தபோது 1.12. மொத்தம் முப்பத்து நான்கு நிமிடம். விதிப்படி பூஜ்யம். போதாக்குறைக்குப் பதினொரு பேர் உதவி வேறு.

கடிகாரத்தை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கண்ணப்பன் சாயங்காலம் தேநீர்க் கடையில் அதையே கேட்டார். “சார், பதினேழுன்னு போட்டுடுங்க. வீடியோவை எவன் உக்காந்து பாக்கப் போறான்?” எனக்கும் ஆசைதான். ஆனால் யாராவது உட்கார்ந்து பார்த்துவிட்டால் பன்னிரண்டு பேர் சான்றிதழும் போகும். தாளை ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். யோசிப்பதற்கு ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளை ஹேவ்லாக்கில் செலவழித்தேன்.

தனியார் கப்பல் காலை 6.30க்கு, ஒன்றரை மணி நேரம், 1,350 ரூபாய். அரசுக் கப்பல் இதைவிட மிக மலிவு, ஆனால் இரண்டரை மணி நேரம் ஆகும். வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் கிடைப்பது சிரமம். தனியார் கப்பலில் கண்ணாடி மூடிய ஏசி அறை, பாட்டுக்கு ஆட்டம் எல்லாம் உண்டு. எனக்கு மேல்தளத்துக்கு வழி கிடைத்தது. கப்பல் கரையை விட்டதும் தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாகி, அப்புறம் எனக்குப் பெயர் தெரியாத ஒரு நிறத்துக்குப் போனது. கவலையோடு கிளம்பியவன் அரை மணி நேரம் வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன். உப்புக் காற்று வயிறு வரைக்கும் போயிருக்கும்.

ஹேவ்லாக்கில் ஸ்கூட்டர் வாடகை நாளைக்கு 500, பெட்ரோல் தனி. முதல் வேலையாக அந்தப் படகுக்காரரைத் தேடிப்போனேன். வங்காளி. எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கரையில் ஒரு இன்ஜினைத் திறந்து வைத்து அதைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே உப்பு வெள்ளையாகக் கட்டியிருந்தது.

“போன சீசன் பையன், ஒரு நாள்கூடக் கழுவலை” என்று இந்தியில் புலம்பினார். நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். நடுவில் இரண்டு முறை “சச் மே?” என்றார். முடிந்ததும் அவர் சொன்னது இதுதான்: எனக்கு அந்த ஆள்தான் வேண்டும். ஆனால் இன்ஷூரன்ஸ்காரருக்குக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாமல் சிறையிலிருந்து வந்தவரை டூரிஸ்ட் படகில் ஏற்றினால் என் படகையே நிறுத்திவிடுவார்கள். மே மாதம் முடிய இடத்தைக் காலியாக வைத்திருப்பேன், அதற்கு மேல் முடியாது. “காகஸ் லாவ், பாய்” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் போய் ராதாநகர் கடற்கரையைப் பார்த்தேன். மணலும் காடும் கடலும் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கிற இடம். இளநீர் 70 ரூபாய். கால் நனைத்தபடி நின்று கடைசியில் முடிவு செய்தேன். தப்பு நடந்திருக்கிறது, ஆனால் தப்பு செய்தது தேர்வு எழுதியவர் இல்லை.

மதியம் இரண்டரை மணிக் கப்பலில் திரும்பி, அறைக்கு வந்து, 5.20க்கு அனுப்பினேன். தாளில் உள்ளபடியே முப்பத்து நான்கு நிமிடம், பூஜ்யம். கூடவே ஒரு கடிதம். உப்புத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னது நான். கழுவும் நேரத்தைக் கூட்டித் தராதது நான். உங்கள் புத்தகம் எழுபத்தொன்றாம் பக்கத்தில் சொன்னதை அன்றைக்கு நினைவில் வைத்திருந்தவர் ஒரே ஒருவர், அவரைத்தான் உங்கள் தாள் தோற்கடிக்கிறது. என் ஆங்கிலத்துக்கு அது ரொம்பப் பெரிய கடிதம். மகளிடம் போனில் வாசித்துக் காட்டித் திருத்தி வாங்கினேன்.

திங்கள் காலை, விமான நிலையத்தில் இட்லிக்கு 160 ரூபாய் கொடுத்த வயிற்றெரிச்சலில் இருந்தபோது பதில் வந்தது. அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர், ஒரு பெண்மணி. எங்கள் ஏரிகளில் உப்பு இல்லை, தாள் தயாரித்த யாருக்கும் இது தோன்றவில்லை என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆனால் மறுதேர்வுக்கு விதியில் ஒரே வழிதான் உண்டு. தேர்வாளர் பிழை செய்தார் என்று பதிவாக வேண்டும். பதிவானால் தேர்வாளர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். வேறு திட்டங்களுக்கும் கூப்பிட மாட்டார்கள். சம்மதமா?

வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்காவில் ஒரு ஏரிக்கரையில் அடுத்த பயிற்சி என்று முதல் கடிதத்திலேயே கோடு காட்டியிருந்தார்கள். மனைவிக்கும் டிக்கெட் கேட்டுப் பார்க்கலாம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். இட்லியை முடித்துவிட்டு, சம்மதம் என்று ஒரே வார்த்தை தட்டினேன். அதற்கு மகள் தேவைப்படவில்லை.

ஏப்ரலில், தண்ணீர் வந்த ஒரு நாளில், போர்ட் பிளேரிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர் செலவு வாங்காமல் போய் மறுதேர்வு வைத்தார். பீப்பாய் நிறைய நல்ல தண்ணீர். யோகராஜுக்குப் பதினாறு நிமிடம். கண்ணப்பன் போனில் என் காது கிழியக் கத்தினார். இப்போது அதே இன்ஜினில் புதிதாக எட்டுப் பேர் படிக்கிறார்கள்.

இனி போகிறவர்களுக்கு. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல பருவம். மார்ச், ஏப்ரலில் போனால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள், உங்கள் ஷவர் யாரோ ஒருவரின் வாளி. கப்பல் டிக்கெட்டை விமான டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும், ஹேவ்லாக்கில் சிக்னல் இருந்தால் இருக்கும். ஆள் இருக்கும் சிறையை வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், விடவும் மாட்டார்கள். உதவ விருப்பமிருந்தால் தமிழ், வங்காள, இந்திப் புத்தகங்களை முறையாக அனுமதிக் கடிதம் எழுதிக் கேட்டு அனுப்புங்கள். ஓரம் கறுக்கும் வரை படிக்கிறார்கள், கண்ணால் பார்த்தேன்.

ஹேவ்லாக்கில் டைவிங் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எந்தப் படகு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கடலிலிருந்து திரும்பிக் கரைக்கு வந்ததும் உங்கள் பையை எடுத்துத் தர ஆள் வராமல், படகின் பின்னால் குனிந்து இன்ஜினுக்கு நல்ல தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் சத்தம் போடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் நான் அவருக்குப் பூஜ்யம் போட்டேன்.